எலிக்கூட்டிலிருந்து வெளியே வந்த குழாய்

எஞ்சின் ஓடாத காரில் உட்கார்ந்து பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். பெடல் கல்லாக இறுகிவிடும். மிதித்த காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினால், எஞ்சின் உயிர்பெற்றதும் பெடல் தானாகக் கொஞ்சம் இறங்கும். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் ஓர் உறிஞ்சு விசை உண்டாகிறது. அதை பிரேக் பூஸ்டருக்குக் கொண்டுபோவது ஒரு ரப்பர் குழாய். அந்தக் குழாயின் மெலிந்த தம்பிகளைப் பற்றியது இந்தக் கதை. மெக்கானிக்குகள் அவற்றை வேக்குவம் ஹோஸ் என்பார்கள்.

ஹோஸ் தொடக்கத்தில் செய்தது எடுபிடி வேலைதான். பழைய அமெரிக்கக் கார்களில் மழைத்துடைப்பானையே இந்த உறிஞ்சு விசைதான் ஆட்டியது. மேட்டில் ஏற ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் குறையும், வைப்பர் சோர்ந்து நின்றுவிடும். கொட்டும் மழையில் மலையேறியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஹோஸுக்குப் பொதுநலப் பொறுப்பு வந்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டத்தால். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்துதான் கண்ணை எரிக்கும் மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். அப்போதெல்லாம் எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் ஆவியை ஒரு திறந்த குழாய் வழியாகச் சாலையிலேயே விட்டுக்கொண்டிருந்தார்கள். 1961 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் அந்த ஆவியை மறுபடி எஞ்சினுக்கே ஊட்டும் பி.சி.வி. வால்வு வந்தது. அடுத்து, டாங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா. அதன்பின் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எரிக்கும் இ.ஜி.ஆர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹோஸ், அதைத் திறந்து மூட இன்னொரு ஹோஸ். பானெட்டுக்கு அடியில் ஹோஸ்களின் வரைபடத்தையே ஒட்டி அனுப்ப வேண்டிய நிலை வந்தது.

இந்தப் பெருக்கத்தின் உச்சம் என்று நான் சொல்வது மஸ்டாவின் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7. ஹிரோஷிமாவில் பிறந்து 2002 வரை தயாரான கார். பிஸ்டனுக்குப் பதில் ரோட்டார் சுழலும் 1.3 லிட்டர் ரோட்டரி எஞ்சின், அதற்குள் காற்றை அழுத்தித் திணிக்க இரண்டு டர்போ. குறைந்த வேகத்தில் முதல் டர்போ மட்டும் சுழலும். நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்றில் இரண்டாவதும் கைகொடுக்கும். இந்தக் கைமாற்றம் குலுங்காமல் நடக்க, அடுத்தடுத்துப் பல கதவுகள் சரியான நொடியில் திறந்து மூட வேண்டும். அந்தக் கதவுகளைத் தள்ளுவதும் இழுப்பதும் காற்றுதான்.

இங்கேதான் ஒரு சிக்கல். டர்போ இல்லாத எஞ்சினில் மேனிஃபோல்டு உறிஞ்ச மட்டுமே செய்யும். டர்போ எஞ்சினிலோ, ஐடிலில் உறிஞ்சும் அதே குழாய், பூஸ்ட் என்னும் டர்போ அழுத்தம் ஏறியதும் ஊதத் தொடங்கிவிடும். ஆகவே உறிஞ்சலைச் சேமிக்க ஒரு சிறு தொட்டி, அழுத்தத்தைச் சேமிக்க இன்னொன்று, திரும்பி ஓடாதிருக்க ஒருவழி வால்வுகள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகள் ஓர் அடுக்கு என்று போட்டார்கள். ரோட்டரி எஞ்சின் எரியாத எரிபொருளை அதிகம் வெளியே தள்ளும் சுபாவம் கொண்டது. அதை வெளியேறும் வழியிலேயே எரிக்க ஏர் பம்ப் ஒன்று, அதற்கும் குழாய்கள். இத்தனையும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கை நுழையாத இடத்தில். உரிமையாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'எலிக்கூடு'.

புதிதில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் டர்போவின் அனலும் அதையடுத்து புகையைச் சுத்திகரிக்கும் முன் கேட்டலிஸ்டின் அனலும் ஆண்டுக்கணக்கில் ரப்பரை வேகவைத்தன. மெத்தென்றிருந்த ஹோஸ் பிளாஸ்டிக்போல விறைத்தது, முனையில் கீறல் விட்டது. எங்கோ ஒன்று கசிந்தால் இரண்டாவது டர்போ எழாது. பூஸ்டை அளவுக்குள் வைக்கும் வேஸ்ட்கேட்டின் ஹோஸ் கழன்றாலோ பூஸ்ட் கட்டுமீறும், எரிதல் வெடிப்பாக மாறும், ரோட்டார் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் உடையும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் குழாய் ஒன்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

எனவே உரிமையாளர்கள் களையெடுக்க இறங்கினார்கள். சிலர் ஹோஸ்களை ஒன்றுவிடாமல் சிலிக்கோனுக்கு மாற்றினார்கள். சிலர் இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே சுழலும்படி கட்டி, சோலனாய்டு அடுக்கையே தூக்கிப்போட்டார்கள். குறைந்த வேகத்தில் இழுவை கொஞ்சம் போகும், ஆனால் அத்தியாவசியமாக மிஞ்சுவது சில குழாய்கள்தான்: வேஸ்ட்கேட்டுக்கு, அழுத்த சென்சாருக்கு, எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்கு, பிரேக் பூஸ்டருக்கு. பழுது வந்தால் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நல்ல வேலை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே வேகத்தில் பி.சி.வி.யையும் கரி டப்பாவையும் பிடுங்கி எறிபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவை எஞ்சினின் பலத்தைத் தின்பவை அல்ல. பி.சி.வி. போனால் எண்ணெய் சீக்கிரம் கெடும். கரி டப்பா போனால் நிறுத்திவைத்த கார் இரவெல்லாம் பெட்ரோல் ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். சாலையில் ஓடும் காரில் இவற்றைக் கழற்றுவது அமெரிக்கச் சட்டத்துக்கே விரோதமானது.

இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றுக்கும் சிலிக்கோன் போட்டால் சரி என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கோன் அனலைத் தாங்கும், பெட்ரோலையும் எண்ணெயையும் தாங்காது. உப்பி, தளர்ந்து, ஆவியைக் கசியவிடும். எண்ணெய் ஆவி போகும் பி.சி.வி. வழியிலும் கரி டப்பா வழியிலும் அதற்கென்று செய்த ரப்பர் ஹோஸ்தான் போட வேண்டும்.

பல புது டர்போ கார்களில் வேஸ்ட்கேட்டை மோட்டாரே திறக்கிறது, அழுத்த சென்சார் மேனிஃபோல்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஹோஸின் எடுபிடி வேலையை ஒயர் வாங்கிக்கொண்டது. ஆனால் கரி டப்பாவின் குழாய் இன்னும் இருக்கிறது.

பழைய டர்போ காரில் கைவைக்கப் போகிறீர்களா? ஒரு ஹோஸைக் கழற்றும் முன் இரு முனையிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். அது எங்கிருந்து எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று காகிதத்தில் குறித்த பிறகே இழுங்கள்.