நாணயமும் வணிக வேலியும்

வணிகம் செல்லும் வழியை வகுப்பவை கப்பல்களும் துறைமுகங்களும் மட்டுமல்ல. பண்டத்தின் விலையை அளக்கும் நாணயமும் அவ்வழியை வகுக்கின்றது. இதற்கு மலாயாவின் வரலாறே தக்க சான்றாகும்.

1906ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி, பிரிட்டனின் ஸ்டெர்லிங் நாணயத்தோடு பிணைக்கப்பட்டது. ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என மதிப்பு வரையறுக்கப்பெற்றது. இப்பிணைப்பு வணிகத்திற்கு உறுதியைத் தந்தது. எனினும் அதன் கடிவாளம் இலண்டனின் கையில் இருந்தது.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. ஸ்டெர்லிங்கைச் சார்ந்த நாடுகள் பல ஓரணியில் நின்றன. மறு ஆண்டே ஒட்டாவா மாநாட்டில், பேரரசைச் சேர்ந்த நாடுகள் தமக்குள் சுங்கவரிச் சலுகை அளிக்க உடன்பட்டன. 1934இல் மலாயாவில் அயல்நாட்டுத் துணிகளுக்கு இறக்குமதி வரம்பு விதிக்கப்பட்டது. மலிவான ஜப்பானியத் துணியை வாங்கி உடுத்திய ஏழைகளே அதன் சுமையைத் தாங்கினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், டாலருக்கும் ஸ்டெர்லிங்குக்கும் இடையிலான போட்டி வெளிப்படையாயிற்று. மலாயாவின் இரப்பரும் ஈயமும் அமெரிக்காவில் விற்பனையாகி டாலரை ஈட்டின. அந்த டாலர் இலண்டனின் பொதுச் சேமிப்பிற்குச் சென்றது. மலாயாவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டதோ ஸ்டெர்லிங். தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்தம் உழைப்பும் அந்த டாலரில் அடங்கியிருந்தது. ஆயினும், டாலரைச் சேமிக்கும் பொருட்டு அமெரிக்கப் பொருள்களின் இறக்குமதி இங்குக் கட்டுப்படுத்தப்பட்டது.

இவ்வேலியைத் தகர்க்க அமெரிக்கா விழைந்தது. 1945ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பிரிட்டனுக்கு 375 கோடி டாலர் கடன் அளிக்க இசைந்து, ஸ்டெர்லிங்கைத் தடையின்றி மாற்ற வேண்டுமென நிபந்தனை விதித்தது. 1947 ஜூலை 15இல் நடைமுறைக்கு வந்த அம்மாற்று, டாலர் கையிருப்பு விரைந்து கரைந்தமையால் ஐந்தே வாரங்களில் நிறுத்தப்பட்டது. வேலியும் நீடித்தது.

1967 நவம்பர் 18இல் ஸ்டெர்லிங்கின் மதிப்பு 14.3 விழுக்காடு குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வெளியிடப்பட்ட மலேசியாவின் புதிய வெள்ளி தன் மதிப்பைக் காத்துக்கொண்டது. புழக்கத்திலிருந்த பழைய வெள்ளியோ 85 காசாகச் சுருங்கியது. பழைய நாணயத்தைச் சேமித்திருந்த எளியோர் இழப்புற்றனர். பினாங்கில் நிகழ்ந்த கடையடைப்பு கலவரமாக மாறி உயிர்களையும் பலிகொண்டது. 1972இல் ஸ்டெர்லிங் மிதக்கவிடப்பட்டபோது, மலேசியா டாலரை அடிப்படையாகக் கொண்டது.

1992இல் ஆசியான் நாடுகள் தடையற்ற வணிகப் பகுதியை அமைக்க உடன்பட்டன. சுங்கவரி குறைந்ததேயன்றி, அண்டை நாடுகளின் வணிகத்திற்கும் டாலரே பெரிதும் அளவுகோலாயிற்று. 1997 நெருக்கடி அச்சார்பின் இடரைப் புலப்படுத்தியது. அதன் விளைவாக 2000இல் சியாங் மாய் ஏற்பாடு தோன்றியது. 2016இல் மலேசியாவும் தாய்லாந்தும் தத்தம் நாணயங்களிலேயே வணிகக் கணக்குகளைத் தீர்க்க வழிவகுத்தன. 2022இல் நடைமுறைக்கு வந்த வட்டார முழுமைப் பொருளாதாரப் பங்காளித்துவத்தில் 15 நாடுகள் இடம்பெற்றன. சீனாவும் அவற்றுள் ஒன்றாதலால், அதன் யுவான் இவ்வட்டாரத்தில் டாலரோடு போட்டியிட வாய்ப்பு மிகுந்துள்ளது.

எனவே, வணிக ஒப்பந்தமொன்றை ஆராய்வோர் வரிப்பட்டியலோடு நின்றுவிடலாகாது. கணக்கு எந்த நாணயத்தில் தீர்க்கப்படுகின்றது, அதன் மதிப்பு சரியுங்கால் இழப்பு யாரைச் சேர்கின்றது என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். 1967இன் பழைய வெள்ளி நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.