புல்லை நம்பிய ஊரும் கையை நம்பிய தச்சரும்

சென்ற இதழில் தேம்ஸ் நதித் துறைமுகத்துச் சுமைகூலிகளோடு அலைந்த நாம், இவ்வாரம் கப்பல்களை விட்டு விலகி, இலண்டன் மாநகரின் வடமேற்கிலே, பிரென்ட் என்னும் சிற்றாற்றை ஒட்டிக் கிடக்கும் கிங்ஸ்பரிக்கு வந்து சேர்கிறோம். பெரும் போர் நடந்த களமென்றோ, ராஜ்யங்கள் கைமாறிய ஸ்தலமென்றோ சொல்லிக்கொள்ள இவ்வூருக்கு ஒன்றுமில்லை. ஆயினும் இதன் குடிக்கணக்கைப் புரட்டிப் பார்ப்பவர் திகைத்துப் போவார்: 1901ஆம் ஆண்டில் 757 பேர், 1921இல் 1,856 பேர், 1931இலோ 16,636 பேர். முப்பதே ஆண்டுகளில் இருபது மடங்குக்கு மேல் ஜனங்கள் பெருகிய இவ்வூரில், ஒரு தொழில் மறைந்து வேறொன்று தலையெடுத்த ஒவ்வொரு தருணத்திலும், உழைத்துப் பிழைத்தவர்கள் எதை இழந்தார்கள், எதைக் கையோடு எடுத்துச் சென்றார்கள் என்பதே இவ்வாரத்து விசாரணை.

கிங்ஸ்பரியின் மண் களிமண். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் புதையும்படி குழைந்தும், கோடையில் பாளம் பாளமாக வெடித்தும் போகும் அந்த மண் கோதுமைக்கு அவ்வளவாக உகந்ததன்று. புல்லுக்கோ அதனினும் சிறந்த நிலம் தேடினாலும் கிடைப்பது அரிது. பதினெட்டாம் நூற்றாண்டிலே இலண்டன் பெருத்து, பிரபுக்களின் சாரட்டுகளையும் வியாபாரிகளின் பாரவண்டிகளையும் இழுக்கும் குதிரைகளின் தொகையும் அதற்கேற்பப் பெருகவே, இப்பிரதேசத்துக் குடியானவர்கள் ஏரை ஓரமாகச் சாத்திவிட்டு, உழுத வயல்களையெல்லாம் புல்வெளிகளாக மாற்றினார்கள். கோடையில் அறுத்து, வெயிலில் புரட்டி உலர்த்தி, போராகக் குவித்த புல்லை வண்டியேற்றி நகரத்துச் சந்தைக்குக் கொண்டு போவதும், திரும்புகாலில் அந்நகரத்து லாயங்களில் குவிந்த லத்தியை வாரிக்கொண்டு வந்து புல்வெளிக்கே உரமாக இடுவதுமாக, ஊருக்கும் நகருக்கும் இடையே ஓர் ஓயாத கொடுக்கல் வாங்கல் நடந்துவந்தது. அறுவடைக் காலத்தில் கூலிக்கு அயர்லாந்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அரிவாளின் வேலை முடிந்ததும் அடுத்த ஜில்லாவை நோக்கி நடந்துவிடுவார்கள்.

செல்வம் பெருகும் இடத்தில் குடியானவன் குடிபெயர நேர்கிறதே என்று நெஞ்சு நொந்து, 1770ஆம் ஆண்டில் 'தி டெஸர்ட்டட் வில்லேஜ்' என்ற கவிதையை வெளியிட்ட ஆலிவர் கோல்ட்ஸ்மித், அதன் பின்னர் எழுதுவதற்கு அமைதியான இடம் தேடி வந்து தங்கியது இந்தக் கிங்ஸ்பரியின் எட்ஜ்வேர் ரோட்டை அடுத்த ஒரு பண்ணை வீட்டில்தான். அவர் கண்ட ஊர் பாழ்பட்ட கிராமமன்று. புல் விற்றுச் செழித்த கிராமம். ஆனால் ஒரே சரக்கை ஒரே சந்தைக்கு விற்கும் செழிப்பு, அந்தச் சந்தையின் க்ஷேமத்துக்குக் கட்டுண்ட செழிப்பு என்பதைப் பின்வந்த நூற்றாண்டு நன்றாகவே உணர்த்திற்று.

முதலில் வந்த மாறுதல் நீரால் வந்தது. 1820இல் முழுமை பெற்ற ரீஜண்ட்ஸ் கால்வாயில் படகுகள் தரைதட்டாமல் ஓடுவதற்கு நீர் போதாமையால், 1834-35ஆம் ஆண்டுகளில் வில்லியம் ஹூஃப் என்ற காண்டிராக்டர், 2,740 பவுன் 6 ஷில்லிங் செலவில், பிரென்ட் ஆற்றின் குறுக்கே அணையிட்டு ஒரு நீர்த்தேக்கத்தை உண்டாக்கினார். ஏரி என்றால் கழனிக்குப் பாய்ச்சுவதற்கே என்று கொண்ட நமக்கு இது விநோதமாகத் தோன்றும்: விளைநிலத்தை வாழவைக்க வேண்டிய ஏரி, இங்கே விளைநிலத்தை மூழ்கடித்து வியாபாரப் படகுகளை மிதக்கவிட்டது. 1841ஆம் ஆண்டு ஜனவரியில் விடாமல் பெய்த மழையில் அணை உடைந்து, கீழ்க்கரை ஊர்களில் உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. பிற்பாடு அணையைப் பலப்படுத்தினார்கள்; ஏரியையும் விசாலப்படுத்தினார்கள்.

ஊரார் அந்த ஏரியோடும் சமரசம் செய்துகொண்டார்கள். அதன் கரையிலிருந்த 'வெல்ஷ் ஹார்ப்' என்ற சத்திரத்தை 1858ஆம் ஆண்டில் ஏற்று நடத்தத் தொடங்கிய டபிள்யூ. பி. வார்னர் என்பவர், மீன்பிடிப்பு, படகோட்டம், பனிச்சறுக்கு, பந்தயம் என்று நகரத்து ஜனங்களின் விடுமுறை உல்லாசத்துக்கான சகல ஏற்பாடுகளையும் செய்து, ஏரிக்கே தம் சத்திரத்தின் பெயர் வழங்கும்படி செய்துவிட்டார். 1870இல் அதற்கென்று ஒரு ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. இயந்திர முயலைத் துரத்தி நாய்கள் ஓடும் பந்தயத்துக்கு 1876ஆம் ஆண்டில் முதற் சோதனை நடந்ததும் இவ்விடத்தில்தான். குதிரைப் பந்தயங்களால் விளைந்த குடியும் கலகமும் பொறுக்காமல், நகர மையத்திலிருந்து பத்து மைலுக்குள் உரிமமின்றிப் பந்தயம் நடத்தலாகாது என்று 1879இல் பார்லிமெண்டு சட்டம் இயற்ற நேர்ந்தது.

இரண்டாவது மாறுதல் பெட்ரோலின் உருவில் வந்தது. 1911ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனின் மிகப் பெரிய பஸ் கம்பெனி தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்தியபோது, கிங்ஸ்பரியின் புல்போர்களுக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. நிலம் உடையவர்கள் பால்மாடு வளர்த்தார்கள். சிலர் நிலத்தைக் கம்பெனிகளுக்கு விற்கத் தொடங்கினார்கள். நிலமற்ற புல்லறுப்போனுக்கு விற்பதற்கு என்ன இருந்தது? மாறுதலின் பாரம் எல்லார் தோளிலும் சமமாக இறங்குவதில்லை என்ற உண்மையை இவ்வூரின் சரித்திரம் அன்று தொட்டு மீண்டும் மீண்டும் நமக்குக் காட்டுகிறது.

புல்வெளியின் சமநிலம் வேறொரு காரியத்துக்கும் உதவிற்று. எட்ஜ்வேர் ரோட்டின் மறுபுறம், ஹெண்டனில், ஜார்ஜ் ஹோல்ட் தாமஸ் 1912ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஏர்கோ' விமானக் கம்பெனியில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் விமானங்களை வகுத்துக் கொடுத்தார்; முதல் உலக யுத்தம் மூண்டதும் கிங்ஸ்பரி பக்கத்திலும் பட்டறைகள் எழுந்தன. அக்காலத்து விமானம் உலோகத்தால் ஆனதன்று. மரச்சட்டம் பூட்டி, அதன்மேல் துணி போர்த்தி, துணி விறைப்பதற்கு மருந்து பூசிச் செய்வது. ஆகையால் நாற்காலியும் அலமாரியும் இழைத்துக் கொண்டிருந்த தச்சர்கள் இறக்கைச் சட்டம் இழைக்கவும், பெண்கள் இறக்கைத் துணி தைக்கவும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருப்பதற்காக அரசாங்கத்தின் கட்டடச் சிற்பி சர் ஃபிராங்க் பெயின்ஸ், பழைய ஆங்கிலக் கிராமத்தின் சாயலில், ரோ கிரீன் என்ற அழகிய வீட்டுத் தொகுதியை வகுத்தார். விதியின் விளையாட்டு என்னவெனில், வீடுகளின் வேலை முற்றுப்பெறும் முன்பே, 1918 நவம்பரில் சமாதானம் வந்தது. விமான ஆர்டர்கள் ரத்தாயின. 1920இல் ஏர்கோவும் கைமாறி மறைந்தது.

வேலையிழந்த பட்டறைகள் பிழைக்க வழி தேடிய விதம் சுவாரஸ்யமானது. யுத்தத்தில் விமானம் செய்த கிங்ஸ்பரி ஏவியேஷன் கம்பெனியார் ஸ்கூட்டரும் சிறிய காரும் செய்து பார்த்தார்கள். அந்த வியாபாரம் நிலைக்கவில்லை. 1923ஆம் ஆண்டில் அதே இடத்துக்கு வந்தமர்ந்தது வாண்டன் பிளாஸ் என்ற கார்க்கூடு செய்யும் கம்பெனி. சென்னை மவுண்ட் ரோட்டிலே 1840ஆம் ஆண்டு முதல் குதிரை வண்டிகளும் சேணமும் செய்துவந்த சிம்ப்ஸன் கம்பெனியார், காலம் மாறியதும் மோட்டார் தொழிலுக்குத் திரும்பியதை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இராது. அக்காலத்துக் காரின் கூடும் மரச்சட்டத்தின்மேல் எழுப்பப்பட்டதே. விமானத்து இறக்கையை வளைத்த கைக்குக் காரின் கதவை வளைப்பது புதிய வித்தை அன்று. 1924 முதல், பெண்ட்லி கம்பெனி 1931இல் நொடித்துப் போகும்வரை, அக்கம்பெனியின் கார்களுக்கென 700க்கு மேற்பட்ட கூடுகள் இங்கே உருவாயின.

டி ஹாவிலண்டும் சும்மா இருக்கவில்லை. 1920 செப்டம்பரில் சொந்தக் கம்பெனி தொடங்கி, கிங்ஸ்பரியின் வட எல்லையிலிருந்த ஸ்டாக் லேன் விமானத் தளத்தில் பழைய தோழர்கள் சிலரோடு வேலையில் இறங்கினார். 1925 பிப்ரவரி 22இல் அங்கிருந்து முதன்முறையாகப் பறந்த 'மாத்' என்ற இலேசான விமானம், ஆகாயப் பிரயாணத்தைப் பட்டாளத்தின் கையிலிருந்து சாமான்யரின் கைக்கு வெகுவாக நெருங்கச் செய்தது. எமி ஜான்ஸன் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அத்தளத்தில்தான். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் சுமந்து வந்ததும், அங்கிருந்து நெவில் வின்ஸண்ட் பெல்லாரி மார்க்கமாகச் சென்னைக்குப் பறந்து வந்ததும், ஸ்டாக் லேனில் பிறந்த 'பஸ் மாத்' ரக விமானத்தில்தான். நம் சென்னைவாசிகள் வானில் அண்ணாந்து பார்த்த அந்தச் சிறு விமானம், கிங்ஸ்பரித் தச்சர்களின் கையிலிருந்து பறந்து வந்தது.

இதே காலத்தில் எர்னஸ்ட் டிராபிரிட்ஜ் என்ற கட்டடச் சிற்பி, யுத்தத்துக்குப் பின் செங்கல்லுக்கும் உலர்ந்த மரத்துக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டைக் கண்டு, அப்போது மலிவாகக் கிடைத்த பச்சை எல்ம் மரத்தைக் கொண்டே வீடு கட்டும் முறை ஒன்றை ஏற்படுத்தினார். பச்சை மரம் உலரும்போது சுருங்கும் என்பது தச்சர் யாவரும் அறிந்த குறை. சுருங்கச் சுருங்க இணைப்புகள் இறுகும்படி அமைத்து, அக்குறையையே குணமாக்கினார் அவர். யுத்தத்தில் அங்கஹீனம் அடைந்த சிப்பாய்களுக்கு அவ்வேலையில் இடமளித்தார். அவர் கட்டிய கூரை வேய்ந்த குடில்களையும், பிற்காலத்தில் எழுப்பிய கோட்டை போன்ற அடுக்குவீடுகளையும் இன்றும் கிங்ஸ்பரியில் காணலாம்.

ஆனால் நிலத்தின் விலை தச்சனுக்காகக் காத்திருக்கவில்லை. 1924-25இல் அண்டையிலுள்ள வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சிக்காகச் சாலைகள் விரிந்தன. 1932 டிசம்பர் 10இல் கிங்ஸ்பரிக்கு ரயில் வந்தது. மேலே நாம் கண்டபடி ஏற்கெனவே வீங்கியிருந்த குடிக்கணக்கு மேலும் வீங்கியது. வீட்டுமனைகள் நாற்புறமும் நெருக்கவே, ஸ்டாக் லேனில் விமானம் ஓடவேண்டிய நிலத்தை டி ஹாவிலண்ட் கம்பெனியார் மனைக்காரர்களுக்கு விற்றுவிட்டு ஹாட்ஃபீல்டுக்குப் பெயர்ந்தார்கள். 1934ஆம் ஆண்டோடு தளத்தில் பறப்பு நின்றது. விற்றவருக்கு லாபம் கிடைத்தது; வேலை பார்த்தவர்களுக்குக் குடிபெயர்வதா, தினமும் நெடுந்தூரம் போய் வருவதா என்ற கேள்வி கிடைத்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் தச்சர்களின் கைவித்தைக்கு மறுபடியும் தேவை உண்டாயிற்று. அலுமினியத்துக்கு நெருக்கடி ஏற்படும் என்பதை முன்னறிந்து, டி ஹாவிலண்ட் கம்பெனியார் மரத்தாலேயே வகுத்த 'மஸ்கிட்டோ' விமானத்துக்கு வாண்டன் பிளாஸ் பட்டறையில் இறக்கைகள் தயாராயின. விமானத் தச்சன் கார்த் தச்சனாகி, கார்த் தச்சன் மீண்டும் விமானத் தச்சனான இந்த விருத்தாந்தத்தில், முதலாளிகள் மாறினார்கள், சரக்கு மாறியது, கை மாறவில்லை. 1946இல் ஆஸ்டின் கம்பெனி அப்பட்டறையை வாங்கிற்று. 1968 முதல் டெய்ம்லர் லிமோசின் என்னும் ராஜரீகக் கார்கள் அங்கே உருவாயின. 1979 நவம்பரில் பட்டறை மூடப்பட்டபோது அவ்வேலை கவென்ட்ரி நகருக்குப் போயிற்று. மரம் இழைப்பவனுக்கு ஊரில் அடுத்த பட்டறை என்று ஒன்று இல்லாமற் போனது அந்த முறைதான்.

அதே பத்தாண்டில் இவ்வூருக்குப் புதிய குடிகள் வந்து சேர்ந்தார்கள். 1972இல் இடி அமீன் 90 நாள் கெடுவிட்டு விரட்டிய உகாண்டா இந்தியர்களில் ஏறக்குறைய 28 ஆயிரம் பேர் பிரிட்டனை அடைந்தார்கள். அவர்களிலும், கென்யாவிலிருந்து முன்னரே வந்த குஜராத்திகளிலும் பலர் கிங்ஸ்பரியும் வெம்பிளியும் அடங்கிய பிரென்ட் பகுதியில் குடியேறினார்கள். 2014ஆம் ஆண்டில் கிங்ஸ்பரி ரோட்டில் சூரிய மின்தகடுகளோடு எழுந்த சுவாமி நாராயணர் ஆலயம் அச்சமூகத்தின் நிலைபேற்றுக்குச் சான்று. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்த நம் ஈழத் தமிழர்களும் இப்பகுதியில் வேரூன்றினார்கள். தாயகத்தில் ஆசிரியராகவும் கணக்கராகவும் இருந்தவர்கள், பட்டம் செல்லுபடியாகாத தேசத்திலே, பெட்ரோல் நிலையங்களின் இரவு வேலையை ஏற்றார்கள். அந்தச் சம்பளத்தைச் சேர்த்துக் கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

புல்லைத் தோற்கடித்த பெட்ரோலுக்கும் இப்போது கெடு நெருங்குகிறது. 1960களில் பிரிட்டனில் ஏறத்தாழ 40 ஆயிரமாக இருந்த பெட்ரோல் நிலையங்கள் இன்று எட்டாயிரத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டன. 2030 முதல் புதிய பெட்ரோல், டீசல் கார்களின் விற்பனையே நிறுத்தப்படும் என்பது அரசாங்கத்தின் அறிவிப்பு. குதிரைக்குப் புல் சுமந்தவனுக்கு நேர்ந்தது காருக்கு எண்ணெய் ஊற்றுகிறவனுக்கும் நேரக்கூடும். இந்நிலையில் கிங்ஸ்பரியின் சரித்திரம் தரும் பாடம், 'மாறுகிறவன் பிழைப்பான்' என்ற சுலபமான உபதேசம் அன்று. தச்சன் பிழைத்தது அவனுடைய சாமர்த்தியத்தால் மட்டும் அன்று; ஒரு பட்டறை மூடிய இடத்திலே, அவனுடைய வித்தைக்குப் பொருந்திய மற்றொரு பட்டறை சில ஆண்டுகளுக்குள் திறந்ததாலும், அவனும் அவனை ஒத்தவர்களும் குடியிருக்க ரோ கிரீன் போன்ற வீடுகளை அரசாங்கம் கட்டிவைத்திருந்ததாலும் பிழைத்தான். அவ்விரண்டும் வாய்க்காத புல்லறுப்போனை இன்று நினைப்பாரும் இல்லை. மாறிக்கொள் என்று தொழிலாளிக்குச் சொல்லும் அதிகாரம், மாறும்வரை அவன் நிற்பதற்கு இடம் கொடுத்தவருக்கே உண்டு.

அப்படி இடம் கொடாமல் பணிவை மட்டும் கேட்ட முதலாளியிடம் மாற மறுத்து எழுந்தவர்களும் இதே பகுதியில் இருந்தார்கள். ஏரிக்குத் தெற்கே, வில்ஸ்டனில், கிரன்விக் புகைப்படத் தொழிற்சாலையிலிருந்து 1976 ஆகஸ்டு மாதத்தில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி வெளியேறி நின்றதும், ஏறக்குறைய இரண்டாண்டு நீடித்துத் தோல்வியில் முடிந்தும் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் புலம்பெயர்ந்தோரைப் பார்த்த பார்வையையே மாற்றிய அந்த வேலைநிறுத்தமும் அடுத்த வாரத்துக் கதை.

(தொடரும்)