மூச்சிழுத்துக் காட்டிய கேஸ்: பழைய கார் ஏசியைக் கழற்றும் முன் கொஞ்சம் வரலாறு

பழைய கார் வெச்சிருக்கிற நண்பர் ஒருத்தர் கேட்டார். "டாக்டர், ஏசி ஓடலை. மொத்தமா கழட்டிப் போட்டுடலாம்னு இருக்கேன். பைப் நட்டை லூஸ் பண்ணா கேஸ் தானா போயிடும்ல?"

போயிடும். ஆனா அப்படிப் போகவிடக் கூடாது. ஏன்னு சொல்ல கிட்டத்தட்ட நூறு வருஷம் பின்னாடி போகணும். நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

1920களில் அமெரிக்க ஃபிரிட்ஜ்களுக்குள் ஓடியவை அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு. எல்லாமே விஷம். ராத்திரி குழாய் கசிந்தால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். அப்படிச் சாவுகள் நடந்தன.

இதற்கு மாற்றாக ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு கொண்டுவந்ததுதான் ஆர்-12. நாம் ஃப்ரியான் என்று சொல்வது. 1930ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி இந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதினார். அணைந்தது. விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று சபை நம்பியது.

(பெட்ரோலில் ஈயம் கலந்தவரும் இதே மனுஷன்தான். 1924ல் பத்திரிகையாளர்கள் முன்னால் அதையும் முகர்ந்து காட்டினார். அதற்கு முந்தைய வருஷம்தான் ஈய நச்சால் ஓய்வில் இருந்தார்! இவர் முகர்ந்து காட்டுவதை நான் ஆதாரமா எடுத்துக்க மாட்டேன்.)

ஆனாலும் நியாயமா சொல்லணும். அம்மோனியாவோடு ஒப்பிட்டால் ஆர்-12 நிறைய உயிர்களைக் காப்பாற்றியது. அதுதான் பிரச்சினையும் ஆச்சு. "பாதுகாப்பான கேஸ்" என்ற பெயர் வந்ததும் பயம் போய்விட்டது.

1940 மாடல் பாக்கார்ட் காரில் கம்பெனியே ஏசி பொருத்திக் கொடுத்தது. அதை நிறுத்தணும்னா இன்ஜினை ஆஃப் பண்ணி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழட்டணும்! 1960களின் கடைசியில் அங்கே புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசி. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவுக்கு மேல் கேஸ். பட்டறையில் ரிப்பேர் என்றால் முதல் வேலை, நட்டைத் திருகி "ஸ்ஸ்ஸ்"னு வெளியே விடுவது. அப்போது அது குற்றமே இல்லை.

1974ல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: இந்த வாயு கீழே சிதையாது, மேலே போய் சூரியனின் புற ஊதாக் கதிரில் உடையும், அதிலிருந்து வரும் குளோரின் ஓசோனைத் தின்னும். கம்பெனிகள் எதிர்த்தன. 1985ல் அன்டார்டிகா வானில் ஓசோன் ஓட்டை அறிவிக்கப்பட்டது. 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1992 ஜூலை முதல் அமெரிக்காவில் நட்டைத் திருகி கேஸை வெளியே விடுவது சட்டவிரோதம். 1995 முடிவில் அங்கே உற்பத்தியும் நின்றது. விலை எகிற, மயாமி வழியாக ஆர்-12 கடத்தலே நடந்தது.

சரி, வானம் இருக்கட்டும். ஸ்பானர் பிடிக்கிற கைக்கு என்ன ஆகும்?

ஆர்-12 மைனஸ் 30 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தில் திரவமாக இருப்பது தோலில் பட்டால் அந்த நொடியே உறைபனிக் காயம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கை உறைந்தால் தேய்க்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்க. கண்ணைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பட்டறைக் குழியில் தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அதிகமாக இழுத்தால் இதயம் அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்கும். ரிதம் தப்பி மயங்கி விழலாம். அப்படி வருகிறவருக்கு அட்ரினலின் ஊசி போட எங்களுக்கே கை தயங்கும்.

மிட்ஜ்லியின் மெழுகுவர்த்தி ஞாபகம் இருக்கா? அதே வாயு தீயிலோ பழுத்த இரும்பிலோ பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, கொஞ்சம் ஃபாஸ்ஜீன். முதல் உலகப்போரில் ஆளைக் கொன்ற அதே ஃபாஸ்ஜீன். மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால் பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது.

இன்னொரு சிக்கல். ஆர்-12 கிடைக்காத காலத்தில் சிலர் புரொப்பேன் கலவையை அடைத்தார்கள். ஸ்டிக்கரில் ஆர்-12, உள்ளே சமையல் கேஸின் சொந்தக்காரன்! அது தீப்பிடிக்கும்.

நண்பருக்கு நான் சொன்னது: ரெக்கவரி மெஷின் இருக்கிற ஏசி மெக்கானிக்கிட்ட போங்க. உள்ளே என்ன கேஸ்னு முதலில் பார்க்கச் சொல்லுங்க. சிலிண்டரில் இழுத்து எடுத்த பிறகுதான் ஸ்பானர். கேஜ் பூஜ்யம் காட்டினாலும் கம்ப்ரஸர் ஆயிலில் கரைந்த கேஸ் மிச்சம் இருக்கும். கண்ணாடியும் கையுறையும் கடைசி நட்டு வரைக்கும் கழட்டக் கூடாது.