மூன்று வாரப் படுக்கையும் முப்பது வருட வயதும்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: "சார், ஐம்பது முடிஞ்சிருச்சு. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. வயசாயிருச்சுல்ல, இனி இப்படித்தான்." கீழே பலரும் "ஆமாம்" போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்கு உறுத்தியது. வயதானால் உடல் தேயும், தேய்ந்தது திரும்பாது என்று அறிவியல் வகுப்பில் அடித்துச் சொன்னவன் நான்தான். அதில் பாதிதான் சரி. மீதியை இன்று திருத்திக்கொள்கிறேன். அதற்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும்.

1966. அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஒரு மருத்துவக் கல்லூரி. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைப்பதே வைத்தியமாக இருந்த காலம் அது. படுக்கை உடலை என்ன செய்கிறது என்று பார்க்க, ஸ்வீடனைச் சேர்ந்த உடலியல் அறிஞர் பெங்ட் சால்ட்டினும் அங்கிருந்த மருத்துவர்களும் ஐந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் இருபது வயதையொட்டி. மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார்கள்.

முழு வேகத்தில் உழைக்கும்போது உடல் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் அளவுகோல். படுக்கும் முன் சராசரி 3.3 லிட்டர். மூன்று வாரம் கழித்து 2.4 லிட்டர். பிறகு எட்டு வாரம் பயிற்சி கொடுத்ததும் இழந்தது திரும்பி வந்தது. முடிவுகள் 1968-ல் வெளிவந்தன. இதய நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்க விடும் இன்றைய வழக்கத்துக்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

கதை அங்கே முடியவில்லை. 1996-ல் அதே ஐந்து பேரையும் மீண்டும் அழைத்தார்கள். இப்போது ஐம்பது வயது. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடலில் கொழுப்பு 14 சதவீதத்திலிருந்து 28 ஆகியிருந்தது. ஆக்ஸிஜன் கணக்கு மட்டும் 2.9 லிட்டர். மூன்று வாரப் படுக்கை பறித்ததில் பாதியைக்கூட முப்பது வருட வயது பறிக்கவில்லை!

இதைப் படித்தபோது என் அப்பாதான் நினைவுக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது வரை வயலுக்கு நடந்தே போய்வந்தவர். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, "உழைச்சது போதும்ப்பா, படுங்க" என்று பாசத்தோடு கட்டிலில் உட்கார வைத்தோம். ஒரு மாதத்தில் வாசலுக்குப் போகவே சுவரைப் பிடித்தார். வயசாயிருச்சு என்றோம். கட்டிலை நாங்கள் சந்தேகிக்கவே இல்லை.

டாலஸ்காரர்கள் அந்த ஐவருக்கும் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நடை, மெதுவோட்டம், நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள். கொஞ்சமாக ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டி, வாரத்துக்குச் சுமார் நாலரை மணி நேரம். முடிவில் மறுபடியும் 3.3 லிட்டர், அதாவது இருபது வயதில் இருந்த அளவு. எடையோ ஒரு கிலோதான் குறைந்திருந்தது. இதயம் இறைக்கும் ரத்தத்தின் உச்ச அளவும் கூடவில்லை. அதே ரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்ஸிஜனை எடுக்கத் தசைகள் கற்றுக்கொண்டிருந்தன.

தசைக்குள் என்ன நடக்கிறது? 1967-ல் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹோலோசி என்பவர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்துப் பார்த்தார். செல்லுக்குள் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை நான் கரும்பலகையில் வரைந்தது நினைவிருக்கும். ஓடிய எலிகளின் தசையில் அவற்றின் எரிக்கும் திறன் இரண்டு மடங்காகியிருந்தது. 1984-ல் அவருடைய குழு அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரு வருடம் பயிற்சி கொடுத்தது. ஆக்ஸிஜன் திறன் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது. குடித்த அதே அளவு குளுக்கோஸுக்கு உடல் முன்பைவிடக் குறைவான இன்சுலினே சுரந்தது. வளர்சிதை மாற்றம் வயதோடு உறைந்துவிடுவதில்லை என்பதற்கு இவை சான்று.

மிகைப்படுத்த மாட்டேன். டாலஸ் ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பேர், எல்லாரும் ஆண்கள். நாற்பது வருடம் கழித்து அளந்தபோது அவர்கள் மீண்டும் கணிசமாக இறங்கியிருந்தார்கள். வயது தன் பங்கை எடுக்கத்தான் செய்கிறது. ஆனால் நாம் வயதின் கணக்கில் எழுதுவதில் பெரும்பங்கு நாற்காலியின் கணக்கு.

மாடி ஏறி மூச்சு வாங்கிய தம்பிக்கு: நெஞ்சு வலியோ சர்க்கரை மாத்திரையோ இருந்தால் முதலில் டாக்டரைப் பார். பிறகு தெருமுனை வரை நட. வாரா வாரம் கொஞ்சம் கூட்டு. நான் எழுபதில் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்து அதே இரண்டு மாடியை ஏறிவிட்டு இங்கே வந்து எழுது. காத்திருக்கிறேன்.