முந்நூற்று நாலு (சீட்டாட்டம்)

முந்நூற்று நாலு (304) என்பது நால்வர் இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடும் சீட்டாட்டம் ஆகும். இலங்கையில் தமிழரும் சிங்களவரும் இதை ஆடுகின்றனர். கர்நாடகக் கடற்கரைப் பகுதியிலும் இது வழக்கில் உள்ளது. கேரளத்தின் 28, 56 ஆகியவையும், வங்காளத்தின் 29, தென்னாப்பிரிக்க இந்தியரின் ‘தன்னி’ ஆகியவையும் இதன் உறவு ஆட்டங்கள். ரம்மி தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள். 304 தெரிந்த நால்வர் ஓரிடத்தில் கூடுவது அரிது. ஆகவே இவ்வாட்டத்தின் வரலாறு என்பது, போன இடத்தில் கிடைத்த ஆட்களையும் கிடைத்த சீட்டுகளையும் கொண்டு ஆடுவதற்கு வழி கண்டவர்களின் வரலாறாகவும் இருக்கிறது.

ஆட்டமுறை

52 சீட்டுகள் உள்ள கட்டில் 2 முதல் 6 வரையுள்ள 20 சீட்டுகளை நீக்கிவிட்டு, எஞ்சும் 32 சீட்டுகளால் ஆடப்படுகிறது. மற்ற பல ஆட்டங்களில் ஏஸும் ராஜாவும் உயர்ந்தவை. இங்கே ஜாக்கியே தலைமைச் சீட்டு. அதற்கு அடுத்தது 9. அதன்பின் ஏஸ், 10, ராஜா, ராணி, 8, 7 என்று வரிசை இறங்குகிறது. ஜாக்கிக்கு 30 புள்ளி, 9-க்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஓர் இனத்துக்கு 76 புள்ளி. நான்கு இனங்களுக்குச் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர் இதிலிருந்து வந்தது.

முதலில் ஆளுக்கு 4 சீட்டுகள் தரப்படும். அவற்றைப் பார்த்து, தம் அணி எத்தனை புள்ளி எடுக்கும் என்று ஒவ்வொருவரும் கேட்பர். இலங்கையில் இது பொதுவாக 160-இல் தொடங்குகிறது. அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சீட்டின் இனமே துருப்பு. பிறகு ஆளுக்கு மேலும் 4 சீட்டுகள் தந்து ஆட்டம் தொடங்கும். துருப்பு எது என்பது அதை வைத்தவருக்கு மட்டுமே தெரியும். எதிரணி மட்டுமல்ல, கூட்டாளியும் ஊகித்தே ஆட வேண்டும். பாதி கையை மட்டும் பார்த்து வாக்குக் கொடுப்பதும், மறைந்திருக்கும் துருப்பை ஊகிப்பதும் இவ்வாட்டத்தின் சுவை.

ஒல்லாந்தர் தொடர்பு

ஜாக்கியையும் ஒன்பதையும் தலையில் வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் ‘யாஸ்’ என்னும் ஆட்டக் குடும்பத்துக்கு உரியது. சுவிட்சர்லாந்தின் யாஸ், பிரான்சின் பெலோத், நெதர்லாந்தின் கிளாவர்யாஸ் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் துருப்பு இனத்துக்கு மட்டுமே இந்த வரிசை. 304-இல் எல்லா இனங்களுக்கும் அதே வரிசை. கடைசிப் பிடிக்கு உரிய கூடுதல் புள்ளியை விட்டுவிட்டால், கிளாவர்யாஸ் ஆட்டத்தின் மொத்தப் புள்ளி 152. 304 அதன் சரியான இருமடங்கு.

இக்குடும்பம் நெதர்லாந்தில் தோன்றியது என்பதும், அங்கிருந்து தெற்காசியாவுக்கு வந்தது என்பதும் சீட்டாட்ட ஆய்வாளர்களிடையே நிலவும் கருத்து. ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆண்டனர். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரையும், கொச்சி 1663 முதல் 1795 வரையும், வங்காளத்தின் சின்சுரா 1825 வரையும் அவர்கள் வசம் இருந்தன. 304, 28, 29 ஆகியவை வழங்கும் நிலப்பகுதிகள் இந்தத் துறைமுகங்களை ஒட்டி அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

சொற்களும் இதற்குத் துணை நிற்கின்றன. தமிழ்நாட்டில் ‘கிளாவர்’ என்று சொல்வது ஆங்கிலத்தின் ‘கிளப்ஸ்’ அன்று. ஒல்லாந்த மொழியில் அவ்வினத்தின் பெயரே கிளாவர். இலங்கையில் வழங்கும் ‘கலாவரை’யும் அதன் திரிபே. ‘ஆட்டின்’ என்பது அம்மொழியின் ‘ஹார்ட்டன்’ என்பதை ஒத்தது. அரசியல் செய்திகளில் நாள்தோறும் படிக்கும் ‘துருப்புச்சீட்டு’கூட ஒல்லாந்தரின் ‘துரூஃப்’ என்ற சொல்லுக்கு மிக நெருக்கமானது.

நேட்டாலுக்குச் சென்ற ஆட்டம்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. இவ்வாறு ஆள் அனுப்புவது 1911 வரை நீடித்தது. அவர்களின் வழிவந்தோர் இன்றும் ஆடும் ஆட்டமே ‘தன்னி’. இதில் எட்டும் ஏழும் நீக்கப்பட்டு 24 சீட்டுகளே உள்ளன. ஆளுக்கு 6 சீட்டு. புள்ளிகளோ மாறவில்லை: 30, 20, 11, 10, 3, 2. மொத்தமும் 304 தான். ராஜாவும் ராணியும் ஒரே இனத்தில் சேர்ந்து வந்தால் ‘ஜோடி’ என்று சொல்லிக் கூடுதல் புள்ளி பெறுகின்றனர்.

தென்னாப்பிரிக்காவில் கிளாவர்யாஸும் ஆடப்படுகிறது. ஆனால் அதில் துருப்பு ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14 என்பதே கணக்கு. ‘தன்னி’யின் கணக்கு அதனோடு ஒத்துப்போகாமல் 304-ஓடு ஒத்துப்போகிறது. எனவே இது ஆப்பிரிக்க மண்ணில் கற்றது அன்று, கப்பலேறி உடன் சென்றது என்று கருத இடமுண்டு.

28, 29, 56

304-இன் புள்ளிகளைப் பத்தால் வகுத்து முழு எண்ணை மட்டும் கொண்டால் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கு 1, பத்துக்கு 1 என்று வரும். ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 7, நான்கு இனங்களுக்கு 28. கேரளத்தின் 28 ஆட்டத்தின் கணக்கு இதுவே. எழுதுகோலும் தாளும் இல்லாத இடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வங்காளத்தில் கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி கூட்டியதால் 29 என்ற பெயர் ஏற்பட்டது. வங்காளதேசத்திலும் நேபாளத்திலும்கூட இவ்வாட்டம் பரவலாக உள்ளது. ஆறு பேர் கூடிவிட்டால் இருவரை வெளியே உட்காரவைக்காமல் இருக்க 56 உதவியது: இரண்டு கட்டுகளிலிருந்து ராணிக்குக் கீழ்ப்பட்ட எட்டையும் ஏழையும் விலக்கி 48 சீட்டுகள், ஆளுக்கு 8, மூவர் மூவராக இரண்டு அணிகள். இவ்வாட்டங்களில் தோற்றவர் காதில் ‘குணுக்கு’ மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது கேரள வழக்கம். பணம் வைக்காமலே தோல்விக்கு உறைப்பு ஏற்றிய ஏற்பாடு இது.

விதி பேசி ஆடுதல்

1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ போன்ற வணிகச் சீட்டு விளையாட்டுகளுக்கு, சீட்டை விற்கும் நிறுவனமே விதியையும் எழுதுகிறது. அங்கும் ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அலாஸ்காவில் நண்பர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ‘கமாண்டர்’ என்னும் ஆட்டவகை பரவிய பின், 2011-இல் நிறுவனமே அதற்கெனச் சீட்டுக்கட்டுகளை வெளியிட்டது.

304-க்கு அத்தகைய நிறுவனம் இல்லை. வேறு வேறு ஊரார் ஒன்றாக உட்காரும்போது, சீட்டைக் கலைப்பதற்கு முன் சிலவற்றைப் பேசி முடிவு செய்ய வேண்டும்: குறைந்த கேள்வி எவ்வளவு? துருப்பை எப்போது காட்டுவது? ஜோடிக்குப் புள்ளி உண்டா? புள்ளியே இல்லாத கை வந்தால் மறுபடி கலைக்கலாமா? இவற்றைப் பேசாமல் தொடங்கிய ஆட்டம் பெரும்பாலும் சண்டையில் முடியும்.

இப்போது 28, 29, 56 ஆகியவை கைபேசிச் செயலிகளாகவும் கிடைக்கின்றன. நான்காம் ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் கணினி ஆடும். தனியே இருப்பவருக்கு இது நன்மை. ஆனால் செயலியில் இருக்கும் ஒரு விதியே சரியான விதி என்று பழகிவிட்டால், ஊருக்கு ஊர் வழங்கிய முறைகள் மறைந்துபோகும்.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் ஆலையும் வந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தமிழக மாவட்டங்களோடு மேற்கு வங்காளம், ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இவ்வட்டாரத்துக்கு வேலை தேடி வருகின்றனர்.

இத்தகைய இடத்தில் 29 தெரிந்த வங்காளியும், 28 தெரிந்த மலையாளியும், 304 தெரிந்த தமிழரும் ஒரே அறையில் தங்கினால், மொழி தெரியாவிட்டாலும் ஜாக்கிக்கு அடுத்தது 9 என்பது மூவருக்கும் தெரியும். ஒரு பிடியில் ஜாக்கி, 9, ஏஸ், 10 விழுந்தால் ஒருவர் 71 என்பார், மற்ற இருவர் 7 என்பர்; பிடித்தவர் யார் என்பதில் மாறுபாடு இராது. கணக்கை மட்டும் ஒத்துக்கொண்டால் போதும். நான்காம் ஆளுக்கு ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம், நால்வருக்கும் ஒரே ஷிப்டு அமைந்தால்.

வாய்மொழியாகவே வரும் ஆட்டம் என்பதால், தம் ஊரில் வழங்கும் விதிகளை மூத்தோரிடம் கேட்டு எழுதி வைப்பது அவசியம். எந்தெந்தச் சீட்டு, குறைந்த கேள்வி எவ்வளவு, துருப்பை எப்போது காட்டுவது, தோற்றவருக்கு என்ன என்னும் நான்கையும் குறித்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.