முதன்முறை கேக் அலங்காரப் போட்டியா? கைத்திறனுக்கு முன் வெயிலைக் கவனியுங்கள்

தீபாவளி, பொங்கல், அன்னையர் தினம் நெருங்கும்போது ஆலய மண்டபங்களிலும் பாலாய்ராயாக்களிலும் பேரங்காடிகளிலும் கேக் அலங்காரப் போட்டிகள் நடப்பதுண்டு. குடும்பப் பிறந்தநாளுக்கு அணிச்சல் செய்து பழகிய இல்லத்தரசிகளும் இளையோரும் இவற்றுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுக்கின்றனர். வீட்டில் நிமிர்ந்து நின்ற கேக், மண்டபத்து மேசையில் சரியத் தொடங்குவதுதான் புதியவர்கள் சந்திக்கும் பெரிய ஏமாற்றம். இரண்டு நாள் உழைப்பும் பொருள் வாங்கிய பணமும் ஒரு மணி நேரத்தில் உருகிவிடும்.

கைத்திறன் உள்ளவருக்கும் இது நேரலாம். வெப்பத்திற்கு ஒவ்வாத கிரீம், சரியாகப் படிக்காத விதிமுறை, ஒத்திகை பார்க்காத நேரம் ஆகிய மூன்றும் நல்ல கையையும் தோற்கடித்துவிடும். இம்மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்ய முடியும்.

விதிமுறையில் பார்க்க வேண்டியவை

பாரம் நிரப்பும் முன்பே சில கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கேக்கை வீட்டிலேயே முடித்துக் கொண்டு வரலாமா, மண்டபத்தில் நேரடியாக அலங்கரிக்க வேண்டுமா? உள்ளே உண்மையான கேக் வேண்டுமா, போலிஸ்டைரீன் அட்டை போதுமா? அலங்காரம் முழுவதும் உண்ணக்கூடியதாக இருக்க வேண்டுமா? அடிப்பலகையின் அளவு, உயரம், அடுக்குகளின் எண்ணிக்கை என்ன? மண்டபத்தில் குளிர்சாதன வசதி உண்டா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எந்தக் கிரீமைப் பயன்படுத்துவது என்பதை அந்த விடைதான் முடிவு செய்யும்.

வெப்பத்தைத் தாங்கும் மேல்பூச்சு

வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகும். மலேசியாவின் பகல் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவுதான். எனவே வெறும் வெண்ணெயில் செய்த பட்டர் கிரீம் மின்விசிறி மட்டும் உள்ள மண்டபத்தில் நிலைக்காது. வெண்ணெயுடன் ஷார்ட்டனிங் எனப்படும் கெட்டிக் கொழுப்பைச் சேர்த்தால் தாக்குப்பிடிக்கும். நம் தோட்டங்களில் விளையும் செம்பனையின் எண்ணெயிலிருந்தும் இது தயாராகிறது.

8 அங்குல வட்டக் கேக் ஒன்றுக்கு 150 கிராம் வெண்ணெய், 100 கிராம் ஷார்ட்டனிங், 500 கிராம் ஐசிங் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பால் போதும். பாலைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஒரு கரண்டி கூடினாலும் கிரீம் தளர்ந்துவிடும்.

சாக்லெட் கனாஷ் இன்னும் உறுதியானது. கருப்புச் சாக்லெட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம். வெள்ளைச் சாக்லெட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு. புதிய பாலேடு அடித்துச் செய்யும் கிரீம் குளிரை விட்டு வெளியே வந்தால் விரைவில் தளரும். போட்டிக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

ஃபோண்டன்ட் எனப்படும் சீனி மாவு வெப்பத்தில் எளிதில் உருகாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அதன்மேல் நீர் முத்துகள் அரும்பி, மேற்பரப்பு பிசுபிசுக்கும். கேக்கை மூடிய அட்டைப் பெட்டியில் வைத்துக் குளிரூட்டி, வெளியே எடுத்தபின் அறை வெப்பத்திற்கு வரும்வரை பெட்டியைத் திறக்காமல் இருந்தால் நீர் பெரும்பாலும் பெட்டியின்மேல் படியும், கேக் தப்பிக்கும். 8 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் கொண்ட கேக்கை மூட, மாவை 16 அங்குலத்திற்குச் சற்று அதிகமாகத் தேய்க்க வேண்டும். கனம் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கலாம்.

சிட்டையில் ஜெலட்டின் இருக்கிறதா?

கடையில் வாங்கும் ஃபோண்டன்ட், மார்ஷ்மெல்லோ ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கக்கூடும். ஹலால் முத்திரை இருந்தால் பன்றிக் கொழுப்போ பன்றி ஜெலட்டினோ இல்லை என்று அறியலாம். ஆனால் ஹலால் ஜெலட்டின் மாட்டிலிருந்து பெறப்பட்டதாகவும் இருக்கலாம். போட்டி முடிந்து கேக்கை வீட்டாருடனோ ஆலயத்திலோ பகிர நினைப்பவர்கள் பொருள் பட்டியலைப் படித்து, ஜெலட்டின் இல்லாத வகையை வாங்குவது நல்லது. மெரிங்கு பவுடர் முட்டை வெள்ளைக்கருவில் செய்யப்படுவதால் சைவப் போட்டிக்கு அதுவும் பொருந்தாது.

கோலம் போட்ட கைக்கு இது புதிதல்ல

பைப்பிங் பையைப் பிடிப்பதற்கும் கோலமாவைப் பிடிப்பதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் ஒரே சீராக விடுவதுதான் கலை. புள்ளியும் நட்சத்திரமும் வைக்கப் பையைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். இலைக்கும் ஓர வளைவுக்கும் 45 பாகை சாய்க்க வேண்டும். அழுத்துவதை நிறுத்திய பிறகே கையை எடுக்க வேண்டும். இல்லையேல் புள்ளியில் வால் முளைக்கும்.

பையைப் பாதி மட்டுமே நிரப்ப வேண்டும். உள்ளங்கைச் சூட்டில் கிரீம் இளகுவதால் இரண்டு பைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கவிழ்த்த தட்டின்மேல் தினமும் அரை மணி நேரம் பிழிந்து பார்த்து, கிரீமை வழித்தெடுத்து மீண்டும் பழகினால் செலவும் மிச்சம். நட்சத்திர நோசல், வட்ட நோசல், இலை நோசல் ஆகிய மூன்றே தொடக்கத்திற்குப் போதும்.

வடிவத்தையும் அதே அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கோணலான மூன்று அடுக்கைவிட, ஓரம் நேராகவும் மேற்பரப்பு வழவழப்பாகவும் உள்ள ஓர் அடுக்கு நடுவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். சிக்குக் கோலம், மல்லிகைச் சரம், 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி, ரப்பர் மரத்துப் பால்கோப்பை என நமக்குத் தெரிந்தவற்றில் ஒன்றை எடுத்து, இரண்டு அல்லது மூன்று நிறங்களுக்குள் முடிப்பது நல்லது. ஜெல் வண்ணம் கிரீமைத் தளர்த்தாது. சில மணி நேரத்தில் நிறம் அடர்வதால், முதல் நாளே சற்று வெளிறிய நிறத்தில் கலக்க வேண்டும்.

பூவும் மினுக்கும்

உண்மையான பூ வைக்கும் ஆசை பலருக்கு வரும். அரளி நச்சுள்ளது, கேக்கின் அருகிலும் அது கூடாது. மாலைக் கடைப் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம். மினுக்குத் தூள் புட்டியில் 'நச்சற்றது' என்று எழுதியிருந்தால் அது உண்ணத் தக்கது என்று பொருளல்ல. 'உண்ணக்கூடியது' என்று தெளிவாக எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். சீனிப் பூக்களின் கம்பியை நேராகக் கேக்கில் குத்தாமல், உறிஞ்சுகுழல் துண்டுக்குள் செருகி வைக்கலாம்.

மூன்று நாள் கணக்கு

சீனிப் பூக்கள் நம் ஈரக் காற்றில் மெதுவாகவே காயும். ஒரு வாரம் முன்பே செய்து வைக்க வேண்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன் கேக்கைச் சுட்டு, முழுதும் ஆறவிட்டுச் சுற்றி வைக்கலாம். முதல் நாள் மெல்லிய முதற்பூச்சு. கேக் துகள்களைப் பிடித்து வைக்கும் இந்தப் பூச்சைக் குளிரில் அரை மணி நேரம் இறுகவிட்டு, அதன்மேல் இறுதிப் பூச்சு. நுண்ணிய வேலைகளைப் போட்டிநாள் காலையில் செய்யலாம்.

நேரடிப் போட்டி என்றால் கடிகாரம் வைத்து வீட்டில் ஒருமுறையாவது முழு ஒத்திகை தேவை. கொடுத்த நேரத்திற்கு 15 நிமிடம் முன்பே முடியும்படி வடிவத்தைக் குறைத்துக்கொண்டால், பலகையைத் துடைக்கவும் ஓரத்தைச் சீராக்கவும் அவகாசம் கிடைக்கும்.

மண்டபம் வரை

கார் இருக்கை சரிவானது; மடியும் ஆடும். கேக் பெட்டியைக் காரின் சமதளமான இடத்தில், வழுக்காத விரிப்பின்மேல் வைக்க வேண்டும். கிளம்பும் முன்பே குளிர்சாதனத்தை ஓடவிடலாம். தோட்டத்துச் செம்மண் சாலையைக் கடந்து வருபவர்கள் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டு சென்று, மண்டபத்தில் பொருத்துவது பாதுகாப்பு. நிறத்துக்கு ஒரு சிறு பை கிரீம், பேலட் கத்தி, ஈரத்துணி, சில பூக்கள் உடனிருந்தால் வழியில் நேர்ந்த காயத்தை மறைத்துவிடலாம்.

முடிவு அறிவித்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், எந்த இடத்தில் புள்ளி குறைந்தது என்று நடுவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது பயன் தரும். முறையாகக் கற்க விரும்புவோர் அருகிலுள்ள சமூகக் கல்லூரியில் (கொலேஜ் கோமுனிட்டி) கேக் அலங்காரக் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று விசாரிக்கலாம். கேக்கை வெட்டும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்க மறக்க வேண்டாம். பரிசு வராவிட்டாலும், அடுத்த முறை பெயர் கொடுக்கும்போது எடுத்துப் பார்க்கவும், பிறந்தநாள் கேக் கேட்டு வருபவரிடம் காட்டவும் அந்தப் படங்கள் உதவும்.