பிணையத் தரவுத்தள மாதிரி

பிணையத் தரவுத்தள மாதிரி என்பது தரவுகளைப் பதிவுகளாகவும், அப்பதிவுகளுக்கு இடையேயான தொடர்புகளை வெளிப்படையான இணைப்புகளாகவும் சேமித்து வைக்கும் தரவுத்தள மாதிரி ஆகும். ஒரு பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட மேல்நிலைப் பதிவுகளுடன் தொடர்பு கொண்டிருக்க இது இடமளிக்கிறது. எனவே தரவுகளின் அமைப்பு மரம் போல் கிளைக்காமல் வலை போல் பின்னிக் கிடக்கிறது. அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய மென்பொருளில் இருந்து இம்மாதிரி வளர்ந்தது. கோடாசில் என்னும் அமைப்பு 1969, 1971 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகள் இதனை முறையாக வரையறுத்தன. 1970களில் பெருங்கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட இம்மாதிரி, 1980களில் தன் இடத்தை உறவுசார் தரவுத்தளங்களுக்கு விட்டுக்கொடுத்தது.

பின்னணி

1950களில் நிறுவனங்களின் தரவுகள் துளை அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் வைக்கப்பட்டிருந்தன. நாடாவில் உள்ள பதிவுகளை முதலில் இருந்து வரிசையாகவே படிக்க இயலும். ஆகவே ஒவ்வொரு பணிக்கும் தனிக் கோப்பும், அக்கோப்பை வரிசைப்படுத்தும் நிரலும் தேவைப்பட்டன. ஒரே வாடிக்கையாளரின் முகவரி பல கோப்புகளில் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. ஒன்றில் மாற்றி மற்றொன்றில் மாற்றாமல் விட்டால் தரவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன.

காந்த வட்டுகள் வந்த பின் எந்தப் பதிவையும் நேரடியாக அணுகுவது இயலக்கூடியதாயிற்று. ஒரு பதிவினுள் மற்றொரு பதிவின் வட்டு முகவரியைச் சுட்டியாக எழுதி வைத்தால், முதற்பதிவில் இருந்து அடுத்ததற்கு உடனே செல்லலாம். பிணைய மாதிரியின் அடிப்படை இக்கருத்தே ஆகும்.

ஐடிஎஸ்

சார்லஸ் பாக்மன் (1924-2017) டவ் கெமிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய பின் 1960 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு தொழிற்சாலைகளின் உற்பத்தியைத் திட்டமிடுவதற்கான கணினி முறைமை ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அம்முறைமைக்குத் தேவையான தரவுச் சேமிப்புப் பகுதியே ஒருங்கிணைந்த தரவுச் சேமிப்பகம், சுருக்கமாக ஐடிஎஸ், எனப்பட்டது. இதன் முதல் வடிவம் 1963 இல் சோதிக்கப்பட்டு 1964 அளவில் பயன்பாட்டுக்கு வந்தது. தரவுத்தள மேலாண்மை அமைப்புகளில் மிகத் தொடக்க காலத்தைச் சேர்ந்ததாக இது கருதப்படுகிறது.

தரவுகளின் அமைப்பைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் வரைந்து காட்டும் முறையையும் பாக்மன் 1969 இல் வெளியிட்டார். இது பாக்மன் வரைபடம் எனப்படுகிறது.

அடிப்படைக் கூறுகள்

பிணைய மாதிரியில் இரண்டு அடிப்படைக் கூறுகள் உள்ளன.

பதிவு வகை: ஒரே அமைப்புடைய பதிவுகளைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, "ஊழியர்" என்னும் பதிவு வகையில் பெயர், எண், சம்பளம் ஆகிய தரவு உருப்படிகள் இருக்கலாம்.

கண வகை: இரண்டு பதிவு வகைகளுக்கு இடையேயான ஒன்றுக்குப் பல என்னும் தொடர்பைக் குறிக்கும். ஒருபுறம் உரிமையாளர் பதிவும் மறுபுறம் உறுப்பினர் பதிவுகளும் இருக்கும். ஒரு துறைப் பதிவு உரிமையாளராகவும் அத்துறையின் ஊழியர் பதிவுகள் உறுப்பினர்களாகவும் அமைவது இதற்கு எடுத்துக்காட்டு. உரிமையாளரில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பினராகச் சென்று மீண்டும் உரிமையாளரை அடையும் சுட்டி வளையமாக இது பெரும்பாலும் சேமிக்கப்பட்டது.

இங்கு கணம் என்பது கணிதத்தில் வழங்கும் பொருளில் இருந்து வேறுபட்டது. இதில் உரிமையாளர் உண்டு; உறுப்பினர்களுக்கு வரிசையும் உண்டு. ஒரு பதிவு பல கண வகைகளில் உறுப்பினராக இருக்கலாம். ஆனால் ஒரே கண வகையில் ஒரு நேரத்தில் ஓர் உரிமையாளரின் கீழ் மட்டுமே இருக்க முடியும்.

எடுத்துக்காட்டு

இவ்விதியினால் பலவற்றுக்குப் பல என்னும் தொடர்பை நேரடியாக அமைக்க இயலாது. இணைப்புப் பதிவு ஒன்றை இடையில் வைத்தே அதனை அமைக்க வேண்டும். தொழிற்சாலையின் உதிரிப்பாகப் பட்டியலைக் கொண்டு இதனை விளக்கலாம்.

ஒரு நீரேற்று இயந்திரத்தில் 8 திருகாணிகளும் ஒரு மின்னோடியில் 4 திருகாணிகளும் பயன்படுகின்றன எனக் கொள்வோம். இரண்டிலும் பயன்படுவது ஒரே வகைத் திருகாணி. தூய படிநிலை மாதிரியில் திருகாணியின் விவரங்களை இரு இயந்திரங்களின் கீழும் தனித்தனியே எழுத நேரிடும். பிணைய மாதிரியில் "பாகம்" என்னும் பதிவு வகையில் இயந்திரங்கள், திருகாணி ஆகியவை தலா ஒரு முறை மட்டும் இடம்பெறும். "எண்ணிக்கை" என்னும் இணைப்புப் பதிவுகள் 8, 4 ஆகிய எண்களைத் தாங்கி நிற்கும். ஒவ்வோர் இணைப்புப் பதிவும் "இதில் அடங்குபவை" என்ற கணத்தில் இயந்திரத்தின் கீழும், "இது பயன்படும் இடங்கள்" என்ற கணத்தில் திருகாணியின் கீழும் உறுப்பினராக இருக்கும்.

முதற் கணத்தின் வழியே சென்றால் ஓர் இயந்திரத்தைச் செய்யத் தேவையான பாகங்கள் தெரியவரும். இரண்டாம் கணத்தின் வழியே சென்றால், திருகாணி தீர்ந்துபோனால் எந்தெந்த இயந்திரங்களின் உற்பத்தி தடைப்படும் என்பது தெரியவரும்.

தரவுகளைக் கையாளும் முறை

பிணையத் தரவுத்தளத்தில் நிரலர் ஒரு நேரத்தில் ஒரு பதிவையே கையாள்கிறார். பெயர் அல்லது எண் போன்ற ஒரு திறவுகோலைக் கொண்டு தொடக்கப் பதிவு கண்டறியப்படும். பின்னர் அடுத்த உறுப்பினர், முந்தைய உறுப்பினர், உரிமையாளர் எனப் படிப்படியாக நகர வேண்டும். கண்டறிதல், பெறுதல், சேமித்தல், திருத்துதல், அழித்தல், கணத்துடன் இணைத்தல், கணத்தில் இருந்து விலக்குதல் ஆகியவை இதற்கான கட்டளைகள் ஆகும். இவை பெரும்பாலும் கோபோல் நிரல்களின் உள்ளே எழுதப்பட்டன.

நிரல் எந்தப் பதிவில் நிற்கிறது என்பதை நடப்புக் காட்டிகள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. நிரலுக்கும், ஒவ்வொரு பதிவு வகைக்கும், ஒவ்வொரு கண வகைக்கும் தனித்தனிக் காட்டி உண்டு. ஒரு கட்டளையால் பல காட்டிகள் ஒருங்கே மாறிவிடும். இதனைக் கவனிக்கத் தவறும் நிரல், பிழைச் செய்தி எதுவும் இன்றியே தவறான பதிவைத் திருத்திவிடக்கூடும்.

கோடாசில் அறிக்கைகள்

கோடாசில் என்பது 1959 இல் அமைக்கப்பட்டு கோபோல் மொழியை உருவாக்கிய அமைப்பு ஆகும். தரவுக் கட்டமைப்புகளை ஆராய இவ்வமைப்பு 1965 இல் ஒரு குழுவை ஏற்படுத்தியது. அக்குழு 1967 இல் தரவுத்தளப் பணிக்குழு எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1969 அக்டோபரிலும் 1971 ஏப்ரலிலும் வெளிவந்த இதன் அறிக்கைகள் ஐடிஎஸ் கருத்துகளைப் பெரிதும் பின்பற்றின.

இவ்வறிக்கைகள் தரவு வரையறை மொழியையும் தரவு கையாளும் மொழியையும் வேறுபடுத்தின. முழுத் தரவுத்தளத்தையும் விவரிப்பது ஸ்கீமா எனப்பட்டது. ஒரு நிரலுக்குத் தேவையான பகுதியை மட்டும் காட்டுவது துணை ஸ்கீமா எனப்பட்டது. இப்பாகுபாட்டின் தாக்கம் பிற்காலத் தரவுத்தளங்களிலும் காணப்படுகிறது.

மென்பொருள்கள்

* ஐடிஎம்எஸ்: பி. எஃப். குட்ரிச் நிறுவனம் ஐடிஎஸ் மென்பொருளை ஐபிஎம் 360 வகைக் கணினிகளுக்கு ஏற்ப மாற்றி உருவாக்கியது. 1973 முதல் கல்லினேன் நிறுவனம் இதனை விற்பனை செய்தது.
* ஐடிஎஸ்/2: ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கணினிப் பிரிவை 1970 இல் வாங்கிய ஹனிவெல் நிறுவனம் வெளியிட்டது.
* டிஎம்எஸ் 1100: யூனிவாக் கணினிகளுக்கானது.
* வாக்ஸ் டிபிஎம்எஸ்: டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளுக்கானது.

ஐபிஎம் நிறுவனம் கோடாசில் வழியைப் பின்பற்றாமல், படிநிலை மாதிரியில் அமைந்த தன் ஐஎம்எஸ் மென்பொருளையே முன்னிறுத்தியது.

பாக்மன் - காட் விவாதம்

1973 இல் பாக்மனுக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது. தம் விருது உரையில் அவர் நிரலரைத் தரவுக் கடலில் பயணம் செய்யும் மாலுமியாக உருவகித்தார். பூமியை நடுவில் வைத்த பார்வையைக் கோப்பர்னிக்கஸ் மாற்றியது போல, கணினியை நடுவில் வைத்த பார்வையை விடுத்துத் தரவுத்தளத்தை நடுவில் வைத்து எண்ண வேண்டும் என்றும் அவர் கூறினார்.

இதற்கு முன்னரே, 1970 இல், ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் உறவுசார் மாதிரியை முன்மொழிந்திருந்தார். அவர் கருத்துப்படி, பயனர் தமக்கு என்ன தேவை என்பதை மட்டும் கூறினால் போதும். அதை அடையும் வழியைக் கண்டறிவது கணினியின் பொறுப்பு. 1974 மே மாதத்தில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கருத்தரங்கில் இருவரும் நேரடியாக விவாதித்தனர். வழிகளை நிரலில் எழுதி வைத்தால், தரவுத்தளத்தின் அமைப்பு மாறும்போது நிரல்களையும் மாற்ற நேரிடும் என்பது உறவுசார் தரப்பின் முதன்மையான வாதம். உறவுசார் முறை அன்றைய கணினிகளில் போதிய வேகத்துடன் இயங்குமா என்பது மறுதரப்பினரின் ஐயம். அப்போது வணிகத் தரமுடைய உறவுசார் மென்பொருள் எதுவும் இல்லாததால் அவ்வையம் நியாயமானதாகவே இருந்தது.

செல்வாக்கு இழப்பு

1979 இல் ஆரக்கிள், 1983 இல் ஐபிஎம்மின் டிபி2 ஆகியவை வெளிவந்தன. கணினிகளின் வேகம் கூடியதும், வினவல்களைத் தாமே செம்மைப்படுத்தும் நுட்பங்கள் வளர்ந்ததும் வேகம் பற்றிய ஐயத்தைக் குறைத்தன. கல்லினேன் நிறுவனம் 1983 இல் உறவுசார் வசதிகளைச் சேர்த்து ஐடிஎம்எஸ்/ஆர் என்னும் பதிப்பை வெளியிட்டது. எனினும் சந்தையைத் தக்கவைக்க இயலவில்லை. கல்லினெட் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 1989 இல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கியது.

பிணைய மாதிரிக்கான என்டிஎல் என்னும் மொழி, எஸ்கியூஎல் மொழியுடன் சேர்ந்து 1986 இல் அமெரிக்கத் தரமாகவும், 1987 இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. எஸ்கியூஎல் உலகெங்கும் பரவியது; என்டிஎல் 1998 இல் பன்னாட்டுத் தரங்களில் இருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

நிறைகளும் குறைகளும்

முன்கூட்டியே அறிந்த வழிகளில் தரவுகளை மிக விரைவாக எடுக்க முடிவது இம்மாதிரியின் முதன்மையான நிறை ஆகும். ஒரே பணியை நாள்தோறும் பெருமளவில் செய்யும் வங்கி, காப்பீடு, உற்பத்தி போன்ற துறைகளுக்கு இது பொருந்தியது.

எதிர்பாராத கேள்விகளுக்கு விடை காண்பது கடினமாக இருந்தது முதன்மையான குறை ஆகும். தேவையான கணம் ஸ்கீமாவில் இல்லையெனில் புதிய நிரல் எழுத வேண்டும். சில வேளைகளில் தரவுத்தளத்தையே மறுசீரமைக்க வேண்டும். நிரலர் அல்லாதோர் தரவுத்தளத்தை நேரடியாக வினவ இயலவில்லை.

தாக்கம்

பிணைய மாதிரியின் கருத்துகள் முற்றாக மறையவில்லை. உறவுசார் தரவுத்தளங்களில் இரு அட்டவணைகளை இணைக்கும் இடை அட்டவணை, பழைய இணைப்புப் பதிவுக்கு நிகரானது. கோட்டுரு தரவுத்தளங்கள் முனைகளையும் தொடர்புகளையும் வெளிப்படையாகச் சேமிப்பதில் இம்மாதிரியை ஒத்திருக்கின்றன. ஆயினும் அவற்றில் வழியை நிரலர் அடியடியாக எழுத வேண்டியதில்லை. வினவல் மொழியே அதனைக் கவனித்துக்கொள்கிறது. அத்தகைய வினவல் மொழிக்கு 2024 இல் ஜிகியூஎல் என்ற பெயரில் பன்னாட்டுத் தரம் வெளியிடப்பட்டது. தொடர்புகளைச் சேமிப்பதில் பாக்மனின் வழியையும், வினவுவதில் காட்டின் வழியையும் இவை பின்பற்றுகின்றன எனலாம்.

இவற்றையும் பார்க்க

* படிநிலைத் தரவுத்தள மாதிரி
* உறவுசார் தரவுத்தளம்
* கோட்டுரு தரவுத்தளம்
* கோபோல்
* எட்கர் காட்